இரண்டு தளங்களுக்கு நடுவே: சக்கர நாற்காலியோடு ஒரு குடும்பக் கப்பல் பயணம்

திருவையாற்றுப் பக்கம் காவிரியை ஒட்டிய ஓர் ஊர். அங்கே ஜெராக்ஸ், இணைய விண்ணப்பம், ரீசார்ஜ் என்று சின்னதாக ஒரு கடை நடத்துகிறார் இவர். வயது 44. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கொல்லையில் தென்னை ஏறியபோது மட்டை கழன்று விழுந்தார். எல்-1 என்று குறிக்கப்படும் முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கியது. கால்களில் அசைவும் இல்லை, தொடு உணர்வும் இல்லை. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் கட்டுப்பாடும் அன்றே போனது. தோளும் கையும் நல்ல உறுதி. தஞ்சாவூரில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் என்னிடம் அடிபட்ட சில மாதங்களிலிருந்து வருகிறார். தண்டுவடம் அடிபட்டு என்னிடம் வருகிற ஆண்களில் மரத்திலிருந்து விழுந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் பெற்று, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இவருடைய அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். தீபாவளிக்கு வந்தவர், "அம்மாவுக்கு எழுபத்திநாலு ஆயிடுச்சு. எல்லாரும் சேந்து ஒரு தடவ கப்பல்ல போயிட்டு வந்துருவோம்" என்றார். அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகன், இவர், இவர் மனைவி, பதின்மூன்று வயது மகள். ஏழு பேர். பேச்சு அந்த இடத்திலேயே தடுக்கியது. "தம்பிய எப்புடி..." என்று அண்ணி இழுத்தார். "நீங்கள்லாம் போயிட்டு வாங்க, நான் கடையப் பாத்துக்குறேன்" என்று இவர் முந்திக்கொண்டார். ஒன்பது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று எதற்கும் இவர் சொல்லிவந்த பதில் அதுதான்.

இவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டுத்தான் அண்ணன் என்னிடம் வந்தார். எப்படிப் போவது என்று கேளுங்கள் என்றேன். சக்கர நாற்காலி சமதரையில் எங்கும் நிற்பதில்லை. ஒரு தளம் முடிந்து இன்னொரு தளம் தொடங்கும் இடத்தில்தான் நிற்கிறது: காரிலிருந்து நடைபாதை, விமானக் கதவு, கப்பலின் நடைபாலம், குளியலறை விளிம்பு, நாற்காலியிலிருந்து கட்டில். பயணம் என்பதே இப்படிப்பட்ட இடங்களின் வரிசை. ஒவ்வொன்றையும் முன்கூட்டியே கண்டுபிடித்து, உயரமும் அகலமும் கேட்டு வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் மற்றக் குடும்பங்கள் போவதைப் போலத்தான். அந்த வரிசையை எழுத உட்கார்ந்தோம். எழுதியவர் இவர்தான், விண்ணப்பம் நிரப்பியே பழகிய கை.

எந்தக் கடல், எந்தத் துறை

சென்னையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலும் பேச்சில் வந்தது. ஆனால் அண்ணன் குடும்பம் அந்தப் பக்கம் இருக்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம், நாலு மணி நேரம். மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் நடுவே ஒதுங்கிக் கிடப்பதால் வங்கக் கடலைவிட அமைதியாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து கைகளால் சக்கரம் தள்ளுகிறவருக்குக் கப்பலின் ஆட்டம் குறைவாக இருப்பது பெரிய விஷயம். சம்பா அறுவடை முடிந்து நெல்லை விற்ற பிறகு, பிப்ரவரியில் என்று நாள் குறித்தார்கள்.

முதலில் அண்ணன் பார்த்து வைத்திருந்தது நாலு இரவுப் பயணம். அதில் புக்கெட் தீவும் உண்டு. இடம் அழகானதுதான், ஆனால் பத்தோங் கடற்கரையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தள்ளி நங்கூரம் போட்டு, பயணிகளைச் சிறு படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்புவார்கள். கப்பலும் படகும் வேறு வேறு தாளத்தில் ஆடும்போது நடுவே உள்ள இடைவெளியை ஓரிரு அடி எடுத்துவைத்துத் தாண்ட வேண்டும். நடக்க முடியாதவரை ஊழியர்கள் தூக்கி இறக்கமாட்டார்கள் என்பது பல நிறுவனங்களின் விதி. அன்றைய அலையைப் பார்த்து இறுதி முடிவைக் கப்பல் தலைவர் எடுப்பார். அதாவது, மற்ற ஆறு பேரும் இறங்க, இவர் மேல்தளத்திலிருந்து கரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரலாம்.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா புரிந்துகொண்டார். "நாகப்பட்டினத்துல அப்புடித்தான். எங்கப்பா ரஜூலாவுல பினாங்குக்குப் போனப்ப, கரையிலேர்ந்து படகுல போயித்தான் கப்பல் ஏறுனாங்களாம்." 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. டெல்டாவில் அந்தக் கப்பலில் போன ஒருவராவது இல்லாத தெருக்கள் குறைவு. நாகப்பட்டினம் திறந்த கடல் என்பதால் கப்பல் தள்ளித்தான் நிற்கும். கட்டணம், கேளிக்கை என்று எதை எதையோ நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருக்க, கேட்க வேண்டிய முதல் கேள்வியை அந்த அம்மாள் தன் அப்பாவின் கதையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்: கப்பல் துறையில் ஒட்டி நிற்குமா, தள்ளி நிற்குமா? பினாங்கில் ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டிய சுவெட்டன்ஹாம் துறையில் ஒட்டி நிற்கும். பினாங்கு மட்டும் போய்வரும் மூன்று இரவுப் பயணத்தைப் பதிவு செய்தார்கள்.

மறைக்காதீர்கள்

பதிவு செய்யும்போது வீட்டில் ஒரு சச்சரவு. "சக்கர நாற்காலின்னு சொன்னா ஏத்தமாட்டேன்னுட்டா என்ன பண்றது? நேர்ல போயி நின்னா ஏத்தித்தானே ஆவணும்" என்றார் அண்ணன். நம் ஊர்ப் பேருந்திலும் ரயிலிலும் பட்ட அனுபவம் அப்படிப் பேச வைக்கிறது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கப்பலில் மறைப்பது ஆபத்து. அவசர காலத்தில் உதவி தேவைப்படும் என்று அறிவித்த பயணிகளின் விவரத்தைக் கப்பல் கிளம்பும் முன்பே தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி சொல்கிறது. தீ என்றால் லிஃப்ட் நின்றுவிடும். எந்தத் தளத்தில், எந்த அறையில் நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் ஆள் வரும். இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா 2012இல் கவிழ்ந்தபோது பயணிகளில் பலர் பாதுகாப்புப் பயிற்சியே பெற்றிருக்கவில்லை. அதன் பிறகு, 2015 முதல், கப்பல் கிளம்பும் முன் அல்லது கிளம்பியவுடன் அந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்று விதி இறுகியது.

அறிவித்ததால்தான் சக்கர நாற்காலிக்கான அறையும் கிடைத்தது. அந்த வகை அறைகள் ஒரு கப்பலில் மிகச் சில. கேட்டால்தான் தருவார்கள், தாமதித்தால் தீர்ந்துவிடும். அதே வகைச் சாதாரண அறைக்கு உள்ள கட்டணத்தையே கேட்டார்கள். இவருடைய நாற்காலியின் மொத்த அகலம் 64 சென்டிமீட்டர். நிறுவனம் அனுப்பிய வரைபடத்தில் அறைக் கதவு 81 சென்டிமீட்டர், உள்ளே ஒன்றரை மீட்டர் வட்டத்தில் நாற்காலி திரும்ப இடம், குளியலறைத் தரை விளிம்பு இல்லாமல் சமம், மடக்கு இருக்கையோடு ஷவர். சாதாரண அறையின் குளியலறைக் கதவில் இந்த நாற்காலி நுழையாது. தண்ணீர் வழியாமலிருக்க வாசலில் ஓர் உயர்ந்த விளிம்பும் இருக்கும். அகலமான அறை கிடைக்காமல், "எப்புடியாவது சமாளிச்சுக்கலாம்" என்று கிளம்பும் குடும்பங்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அந்தச் சமாளிப்பு முழுக்க மனைவியின் முதுகில் விழும். இரவு பகலாக ஒரு வளர்ந்த ஆளை விளிம்பு தாண்டித் தூக்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது விடுமுறை அல்ல.

கப்பல் ஊழியர்கள் குளிப்பாட்டவோ உடை மாற்றவோ தூக்கவோ மாட்டார்கள், உடன் வருபவர்தான் செய்ய வேண்டும் என்பதும் அந்தப் படிவத்திலேயே இருந்தது. ஊனத்தால் வரக்கூடிய சிக்கலையும் சேர்த்து ஏற்கும் பயணக் காப்பீடு, ஆங்கிலத்தில் மருத்துவர் கடிதம், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் வைத்தார்கள். கப்பல் பினாங்கிலிருந்து மறுபடி சிங்கப்பூருக்கே திரும்புவதால், ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். இதை மறந்து துறையில் நிற்பவர்கள் உண்டு.

உடம்பின் கால அட்டவணை

சுற்றுலா விளம்பரம் எதிலும் வராத பகுதி இது. எனக்கோ இதுதான் பயணத்தின் அச்சு.

இவர் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கதீட்டர் என்ற மெல்லிய குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுகிறார். திருச்சியிலிருந்து போகும் சிறிய விமானங்களின் கழிப்பறைக்குள் நாற்காலி போகாது. "முந்தின நாளே தண்ணி குடிக்கிறத நிறுத்திடுறேன் சார்" என்றார். அடிபட்டவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். சிறுநீர்த் தொற்றை வரவழைப்பதும் அதுதான். நிறுத்த வேண்டாம், நேரத்தைப் பிரித்துக் குடியுங்கள், ஏறுவதற்குச் சற்று முன் விமான நிலையத்தில் ஒரு தடவை, இறங்கியவுடன் ஒரு தடவை கதீட்டர் போடுங்கள் என்று திட்டம் போட்டோம். கதீட்டர்கள் தேவைக்கு இரண்டு மடங்கு, அத்தனையும் கைப்பையில். மலம் கழிக்க இவர் ஒன்றுவிட்ட நாள் காலையை வைத்திருக்கிறார். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுவதையும் கணக்கில் சேர்த்து, விமான நாளும் பினாங்கு நாளும் அந்த முறையில் வராதபடி இரண்டு வாரம் முன்பே ஒரு நாளைத் தள்ளி வைத்தார். இந்தக் கணக்கு சரியாக இருந்தால் மனிதர் தலை நிமிர்ந்து ஊர் பார்ப்பார். தவறினால் அறையை விட்டு வரமாட்டார்.

உணர்வில்லாத தோலுக்கு இரண்டு எதிரிகள்: அழுத்தமும் சூடும். இருபது முப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்குவது இவருக்கு மூச்சு விடுவதைப் போல் பழக்கம். வெந்நீர்க் குழாய் மட்டும் புது இடத்தில் புதுப் பழக்கம் கேட்கும். மனைவி முதலில் முழங்கையால் சூடு பார்த்த பிறகே ஷவருக்குக் கீழே போவது என்று முடிவு.

அலையாத்திக் காட்டில் ஒத்திகை

பொங்கல் முடிந்த வாரம், டெல்டாக் கடலோரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடும் துறை ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். ஆடும் தளத்துக்கு மாறுவது எப்படியிருக்கும் என்று இவர் உடம்புக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நீர்மட்டம் ஓதத்துக்கு, அதாவது கடலின் ஏற்றவற்றத்துக்கு, ஏற்ப ஏறி இறங்கும். நாங்கள் போன நேரம் இறங்கியிருந்தது. துறைப் படிக்கும் படகு விளிம்புக்கும் நடுவே முழங்கால் உயரம். அண்ணனும் படகுக்காரரும் இவரை அள்ளித் தூக்கப் பாய்ந்தார்கள். இவர் கையை நீட்டித் தடுத்தார்.

தூக்குவது எப்படி என்று தூக்கப்படுபவர் சொல்ல வேண்டும். குடும்பங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுப்பே வராது. இவர் படியில் இறங்கி உட்கார்ந்தார், ஒருவரைப் பின்னாலிருந்து கக்கத்துக்குள் கைவிட்டு இவருடைய முன்கைகளைப் பிடிக்கச் சொன்னார், இன்னொருவரை முழங்காலுக்குக் கீழே. "நான் மூணு சொன்ன பொறவு" என்றார். அழுத்தம் குறைய இவர் நாற்காலியில் போட்டு உட்காரும் காற்று மெத்தை முன்னமே படகுப் பலகையில் போயிருந்தது. சுரபுன்னை வேர்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் போய்வந்தோம். மகள் அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். திரும்பிக் கரையேறும்போது நீர் உயர்ந்திருந்ததால் பாதிச் சிரமம்தான். ஓதத்தின் நேரத்தைக் கேட்டு வைக்க வேண்டும் என்று அன்றிரவே பட்டியலில் ஒரு வரி கூடியது. மிதக்கும் மேடையும் கீல் போட்ட சாய்தளமும் இருந்தால் தூக்கவே வேண்டாம். நீரோடு மேடையும் ஏறி இறங்கும். நம் துறைகளில் அதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

போனதும் வந்ததும்

திருச்சியில் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்திலிருந்து கிளம்பினார்கள். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள், கொஞ்சமும் நடக்க முடியாதவர் என்ற வகையைத் தெளிவாகக் குறிப்பிட்டு. 'வீல்சேர் வேண்டும்' என்று மட்டும் சொன்னால், நீண்ட தூரம் நடக்க முடியாத முதியவர் என்று எடுத்துக்கொண்டு, விமானத்துக்குள் போகும் ஒடுக்கமான நாற்காலி இல்லாமல் வந்து நிற்பார்கள். ஏறியது சுலபம். இறங்கியபோது இவருடைய சொந்த நாற்காலி விமானக் கதவுக்கு வராமல் பெட்டிகளோடு போய்விட்டது. வேறொரு நாற்காலியில் முக்கால் மணி நேரம். மெத்தையைக் கையிலேயே வைத்திருந்ததால் தப்பித்தது தோல். நாற்காலி தொலையலாம், மெத்தையை மட்டும் விடக்கூடாது.

கப்பலில் முதல் தடை எதிர்பாராதது: கட்டில். அடியில் பெட்டி வைக்கும்படி உயரமாகச் செய்திருந்தார்கள், நாற்காலி இருக்கையைவிட ஒரு சாண் மேலே. இறங்கச் சுலபம், ஏறக் கஷ்டம். இவரே சோபாவை நடுப்படியாக இழுத்துப் போட்டு இரண்டு கட்டமாக ஏறினார். நடைவழிகளின் தடித்த கம்பளம் சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. அன்று மாலையே தோள் வலி, நீண்ட நடைவழிகளில் அண்ணன் மகன் தள்ளினான். பாதுகாப்புப் பயிற்சியின்போது, படிகளில் இறக்கும் தனி நாற்காலி எது, யார் வருவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இரண்டாம் நாள் காலை நடந்ததைத்தான் எல்லோரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். மனைவி குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். அண்ணன் அறையில் இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. ஏழு பேரில் ஆறு பேர் தளம் தளமாகத் தேடினார்கள். அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து, மேல்தளத்தின் பின்பக்கம், சென்னைக்காரர் ஒருவரோடு காபி குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தவரைக் கண்டார்கள். "சொல்லிட்டுப் போவ மாட்டீங்களா?" என்று மனைவி கத்தினார். "எல்லாக் கதவும் தானா தொறக்குது. லிஃப்ட்டு இருக்கு. யாரையும் கூப்புடத் தோணல" என்றாராம்.

என்னிடம் இதை மனைவிதான் சொன்னார், கோபம் இன்னும் மிச்சமிருந்தது. சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "அடிபட்டதுலேர்ந்து அவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாம இருந்ததே இல்ல சார்" என்றார். அன்று மாலை அண்ணியோடு நாடகம் பார்க்கப் போயிருக்கிறார், நடுவில் எழுந்து ஓடி வராமல் கடைசிவரை. இந்தப் பயணத்தில் நான் மிகப் பெரிதாக மதிக்கும் பலன் இது. ஒருவருக்கு வழி சமமானால் இருவருக்கு விடுதலை கிடைக்கிறது.

பினாங்கில் காலையில் நடைபாலம் சற்றே சாய்வாக இருந்தது. மாலையில் ஓதம் மாறிச் செங்குத்தாகிவிட்டது. இரண்டு ஊழியர்கள் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார்கள். அத்தகைய சாய்வில் இறங்குவதானால் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் ஆள் சரிந்து விழுவார். ஜார்ஜ் டவுனின் பழைய கடைத்தெருக்களில் வீட்டு முகப்புக்குக் கீழே ஓடும் நடைபாதை கடைக்குக் கடை உயரம் மாறுகிறது, ஓரத்தில் சாக்கடை. இவர் வெயிலில் தார்ச்சாலை ஓரமாகவே போனார். 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலை அம்மா தரிசித்தார். அப்பா வேலை பார்த்த கடை எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாத் தெருவையும் அப்பா நடந்த தெருவாகவே பார்த்தார். எதிர்க்கரைக்கு அப்பால்தான் கெடா, ராஜேந்திர சோழனின் கல்வெட்டு சொல்லும் கடாரம் என்று மகள் தாத்தா கதைக்கு மேலே ஒரு கதை சேர்த்தாளாம்.

அன்றிரவு மனைவி வழக்கம்போல் செல்பேசியில் படம் எடுத்துப் பார்த்தபோது வால் எலும்பின் மேல் சிவப்பு. அழுத்தம் எடுத்து அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு புண்ணின் தொடக்கம் என்று சொல்லியிருந்தேன். குப்புறப் படுக்க வைத்தார்கள். மறைந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் பகலில் பாதியைப் படுத்தே கழித்தார், முணுமுணுக்காமல். மூன்று இரவுக்குப் பதில் நாலைந்து இரவு போகிறவர்கள், ஊர் சுற்றும் நாளுக்கு மறுநாள் இப்படி ஓர் ஓய்வுப் பகலை முன்பே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பிய பின்

தோல் நலம், தொற்று இல்லை, தோள் வலி இரண்டு வாரத்தில் அடங்கியது. எழுதி வைத்த பட்டியலை இவர் தட்டச்சு செய்து கடையில் வைத்திருக்கிறார். என்னிடம் வரும் இரண்டு குடும்பங்கள் வாங்கிப் போயிருக்கின்றன.

வீடு பழைய ஓட்டு வீடு. தெருவிலிருந்து மூன்று படி, திண்ணை, உயர்ந்த நிலைப்படி. ஒன்பது வருஷமாக இவர் சந்து சுற்றிக் கொல்லைப்பக்கமாகத்தான் வீட்டுக்குள் போய்வருகிறார். மஞ்சள் பூசிக் கும்பிடும் நிலைப்படியில் கை வைக்க அம்மா இத்தனை நாள் விடவில்லை. திரும்பி வந்த மாதம் அவரே என்னைக் கூப்பிட்டு, "கப்பல்ல எல்லாத்தையும் சமமா வச்சிருக்கான். நம்ம வாசல என்ன பண்ணலாம்னு வந்து சொல்லு தம்பி" என்றார். மொத்த உயரம் 50 சென்டிமீட்டர். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வுக் கணக்கில் ஆறு மீட்டர் நீளம் வேண்டும். வாசலிலிருந்து தெருவுக்கு மூன்று மீட்டர்தான் இருக்கிறது. நேராகப் போட்டால் செங்குத்தாகிவிடும். ஆகவே திண்ணையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓட்டி, நடுவே திரும்ப ஒன்றரை மீட்டர் மேடை, இரு பக்கமும் கைப்பிடி என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். நிலைப்படியைப் பெயர்க்க வேண்டியதில்லை. இரு பக்கமும் மரச் சரிவு வைத்தால் போதும். திண்ணையின் தெற்குப் பாதி மட்டும் போக வேண்டும் என்கிறார் கொத்தனார். அம்மா சரி என்றுவிட்டார், வைகாசியில் வேலை தொடங்குகிறது.